ரிட்ரீவர் குட்டி: அரிய நிறத்துக்குக் கூடுதல் விலை தரலாமா?

கேள்வி: ஏழு, பத்து வயதுப் பிள்ளைகளும் எழுபது வயது மாமியாரும் உள்ள குடும்பம் எங்களுடையது. இதுவரை நாய் வளர்த்ததில்லை. லேப்ரடார் அல்லது கோல்டன் ரிட்ரீவர் வாங்க எண்ணியுள்ளோம். விற்பனையாளர் ஒருவர் ஆறு வாரக் குட்டிகளைக் காட்டினார். அவற்றுள் வெள்ளி நிற லேப்ரடார் அரிய வகை என்று கூறி, அதற்கு இரு மடங்கு விலை கேட்கிறார். தாய் நாய் வேறோர் இடத்தில் இருக்கிறதாம். தடுப்பூசி அட்டையும் வம்சாவளிச் சான்றிதழும் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இவரிடம் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியுள்ள சில வரிகளிலேயே அதற்கான காரணங்கள் இருக்கின்றன.

நிறத்தை முதலில் பார்ப்போம். லேப்ரடார் இனத்துக்கான தரவிதி, அதாவது அந்த இன நாய் எப்படி இருக்க வேண்டும் என்று நாய் வளர்ப்புச் சங்கங்கள் வகுத்த வரையறை, கறுப்பு, மஞ்சள், சாக்லேட் ஆகிய மூன்று நிறங்களை மட்டுமே ஏற்கிறது. வெள்ளி என்று விற்கப்படுவது, நிறத்தை வெளிறச் செய்யும் ஒரு மரபணுவால் மங்கிய சாக்லேட் நிறமே. அந்த மரபணு உள்ள நாய்கள் சிலவற்றுக்கு முடி கொட்டி, தோல் தொல்லைகளும் வருவதுண்டு. எனவே உங்களிடம் கேட்கப்படும் கூடுதல் தொகை, தரவிதிக்குப் புறம்பான ஒன்றுக்கான தொகை. கோல்டன் ரிட்ரீவரில் கிரீம் நிறத்தைத் தனி ரகம் போல விற்பதும் இதே வகைதான்; பிரிட்டனின் தரவிதிப்படி பொன்னிறம் போலவே கிரீமும் அந்த இனத்தின் வழக்கமான நிறம்.

அடுத்தது வயது. குட்டியை எட்டு வாரம் நிறையும் முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அது உடன்பிறப்புகளோடு விளையாடித்தான் கற்றுக்கொள்கிறது. சுட்டு வீழ்த்திய பறவையைச் சிதைக்காமல் வாயில் கவ்விக் கொண்டுவருவதற்கென்றே உருவாக்கப்பட்ட இனங்கள் இவை என்பதால், வாயை ஆளப் பழகுவது இவற்றுக்கு மிகவும் முக்கியம். காலுறை, செருப்பு, பிள்ளைகளின் பொம்மை என அகப்பட்டதையெல்லாம் தூக்கிக்கொண்டு திரிவது குறும்பு அன்று, பிறவிக் குணம். ஆனால் விழுங்கிவிட்டால் அறுவை சிகிச்சை வரை போய்விடும்.

தாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்கவே கூடாது என்பது என் கருத்து. வளர்ந்த பின் குட்டியின் சுபாவம் எப்படி இருக்கும் என்பதற்குத் தாயைவிட நல்ல சான்று உங்களுக்குக் கிடைக்காது. அந்நியரைக் கண்டு பதுங்கும் அல்லது உறுமும் தாய் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

சான்றிதழ்கள் குறித்துப் பலர் ஏமாறுகிறார்கள். வம்சாவளிச் சான்றிதழ் பெற்றோர் யார் என்று சொல்லுமே தவிர, அவை ஆரோக்கியமானவையா என்று சொல்லாது. தடுப்பூசி அட்டையும் அப்படியே. நீங்கள் கேட்க வேண்டியவை, தாய், தந்தை இரண்டுக்கும் எடுக்கப்பட்ட இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டு எக்ஸ்ரேக்களின் மதிப்பீட்டு அறிக்கையும், கண் பரிசோதனை அறிக்கையும் ஆகும். கோல்டன் என்றால் இதயப் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளரும் குறைபாடு இரு இனங்களிலும் பரவலாக உள்ளது. குட்டிப் பருவத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, பின்னாளில் நாயை நொண்ட வைக்கும். அந்த மதிப்பீட்டை பிரிட்டனில் 12 மாத வயதுக்கு முன் பெற முடியாது. அமெரிக்காவில் இறுதி மதிப்பீடு 24 மாதத்துக்குப் பிறகே கிடைக்கும். ஆகவே ஒரு வயதுகூட நிறையாத நாயிடம் குட்டி எடுத்தவரிடம் இந்த அறிக்கை இருக்க வழியில்லை.

இரண்டில் எது என்றால், சீவிவிடப் பொறுமை இருந்தால் கோல்டன், இல்லையென்றால் லேப்ரடார். முடி இரண்டுக்கும்தான் உதிரும். லேப்ரடாரின் பசிக்கு மட்டும் ஒரு வார்த்தை: பசியை அடக்கும் பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு பகுதி ஏறத்தாழ நான்கில் ஒரு லேப்ரடாரிடம் குறைந்திருப்பதை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. கெஞ்சும் கண்களுக்கு இரங்காமல், உணவை அளந்தே வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை எனக்குள்ள கவலை மாமியாரைப் பற்றியது. எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை இந்த நாய்களுக்கு உடல் மட்டுமே வளர்ந்திருக்கும். முப்பது கிலோ நாய் அன்பு மிகுந்து பாய்ந்தாலும் முதியவர் விழுந்துவிடுவார். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடத்தவும் விளையாட்டுக் காட்டவும், முதல் வாரத்திலிருந்தே பயிற்சி தரவும் பெரியவர் ஒருவர் பொறுப்பேற்காவிட்டால், குட்டியை விடுத்து மூன்று வயது கடந்த நாயைத் தேடுங்கள்.

கேள்வி: மூன்று வயது கோல்டன் ஒன்றை அதன் உரிமையாளர் கொடுக்க முன்வருகிறார். வளர்ந்த நாய் எங்களிடம் ஒட்டுமா?

பதில்: ஒட்டும், ரிட்ரீவர்கள் இதில் சிரமம் தருவது அரிது. ஏன் கொடுக்கிறார் என்பதை மட்டும் தெளிவாகக் கேளுங்கள். உணவுத் தட்டருகே யாராவது போனால் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் அவரிடமே கேட்டறியுங்கள். மருத்துவப் பதிவேட்டைக் கையில் வாங்கி, உங்கள் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிய பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.