கதவின் கைப்பிடி உயரத்தில்

கேள்வி: நான் வளர்ந்த தாத்தா வீட்டை இடித்து இருபது வருடம் ஆகிறது. ஓய்வுபெற்ற பிறகு வாட்டர்கலர் பழகி, அந்த வீட்டுக் கூடத்தையும் மாடிப்படியையும் நினைவிலிருந்து வரைந்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, "படி இவ்வளவு உயரமா? கூடம் இதில் பாதிகூட இருக்காதே" என்று சிரித்தார். வீட்டில் இருக்கும் ஒரே போட்டோவைப் பார்த்துத் திரும்ப வரைந்தேன். அளவெல்லாம் சரியாக வந்தது, ஆனால் யார் வீட்டையோ வரைந்த மாதிரி இருக்கிறது. எதை நம்பி வரைவது?

பதில்: அண்ணனிடம் அப்புறம் வருவோம். அந்தக் கூடம் உங்கள் மனசில் வரும்போது உங்களுக்கு என்ன வயசு? ஆறு என்று வைத்துக்கொள்வோம். ஆறு வயசுக் குழந்தையின் கண், தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். கதவின் கைப்பிடியும் அநேகமாக அங்கேதான். ஆகவே உங்கள் படத்தின் கண்மட்டக் கோடு அந்தக் கைப்பிடி வழியாகப் போக வேண்டும். நின்று பார்க்கும் பெரியவருக்கு அதே கோடு ஒன்றரை மீட்டருக்கு ஏறிவிடும். போட்டோ எடுத்தவரும் பெரியவர்தானே!

இப்போது மாடிப்படிக்கு வாருங்கள். ஒரு படி 17 சென்டிமீட்டர் என்றால் ஆறு வயசுக்காரிக்கு முதல் ஐந்து படிகளின் மேல்பரப்புதான் தெரியும். ஆறாவது படியிலிருந்து முன்பக்கம் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவர் மாதிரி எழும்பி நிற்கும். பெரியவருக்கு எட்டாவது படிவரை மேல்பரப்பு தெரிகிறது, அதனால் ஏறிப் போகிற வழியாகத் தெரிகிறது. மேஜையும் அப்படித்தான். உங்களுக்கு அதன் மேல்பலகை ஒரு மெல்லிய கீற்று, அடியில் இருக்கும் இருட்டுதான் பெரிய இடம். நீங்கள் முதலில் வரைந்ததில் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் படி உயரமாக வந்தது தப்பில்லை.

போட்டோவின் நிறத்தையும் நம்ப வேண்டாம். பழைய கலர் பிரிண்டுகள் பலவற்றில் நீலச்சாயம் முதலில் மங்கி, படம் முழுக்கச் சிவந்துவிடும். ஜன்னல் எத்தனை, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்த்துக்கொள்ள மட்டும் அதை எடுங்கள். பார்த்ததும் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

இத்தாலியில் பொன்டிட்டோ என்ற சிற்றூரில் 1934இல் பிறந்த ஃபிராங்கோ மன்யானி, சான் ஃபிரான்சிஸ்கோவில் குடியேறிய பிறகு, அந்த ஊரை மட்டும் திரும்பத் திரும்ப நினைவிலிருந்தே வரைந்தார். 1988இல் அங்குள்ள எக்ஸ்புளோரட்டோரியம் அருங்காட்சியகம் அவருடைய ஓவியங்களையும் அதே இடங்களின் போட்டோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியது. வியக்கிற அளவுக்குப் பொருந்தின. பொருந்தாத இடங்களும் இருந்தன. எனக்கு அந்தப் பொருந்தாத இடங்கள்தான் பிடிக்கும்.

வரையும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு வாசலிலிருந்து படிவரை மனசால் நடந்து, வெறும் கோட்டில் ஒரு தரைப்படம் போடுங்கள். நினைவு வராத மூலையை அப்படியே விடுங்கள். அங்கே ஒரு அலமாரியைக் கற்பனையாக வைத்துவிட்டால், ஒரு மாதம் கழித்து அது நிஜமாகவே இருந்ததாக நீங்களே சத்தியம் செய்வீர்கள் (எனக்கு நடந்திருக்கிறது). வாட்டர்கலரில் இது சுலபம்: அந்த மூலைக்கு வரும்போது தண்ணீரைக் கூட்டி, நிறத்தைத் தாளின் வெள்ளைக்குள் கரைய விடுங்கள்.

சரி, அண்ணன். அவருக்கும் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, அவருடைய தரைப்படத்தைப் போடச் சொல்லுங்கள். உங்கள் தாளில் மட்டும் கை வைக்க விடாதீர்கள். கூடம் எவ்வளவு சின்னது என்று சொன்னவர், வீட்டின் எந்த மூலையை ரொம்பப் பெரிசாகப் போடுகிறார் என்று பாருங்கள்.