ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு 18 இலட்சம் போடலாமா?

கேள்வி: அண்ணா, எனக்கு 29 வயது, வெள்ளவத்தையில் அம்மா அப்பாவோடு இருக்கிறேன். ஐ.டி. வேலை, கைக்கு மாதம் 290,000 ரூபா வரும், வீட்டுக்கு 70,000 கொடுப்பேன். 2023 இல் ஒரு 2018 ஸ்விஃப்ட் ஸ்போர்ட், அந்த 1.4 டர்போ மொடல், லீசிங்கில் எடுத்தேன். வட்டி 24 வீதம், மாதம் 84,000, இன்னும் 22 தவணை இருக்கிறது. நிலையான வைப்பில் 8 வீதத்துக்கு 12 இலட்சம் கிடக்கிறது, அடுத்த மாதம் முதிர்கிறது. போனஸ் 5 இலட்சம் கையில் இருக்கிறது. காரை வேலைக்கும் ஓட வேண்டும், வருடத்தில் இரண்டு மூன்று தரம் பன்னலவிலோ கட்டுகுருந்தவிலோ பந்தய டிராக்கிலும் ஓட வேண்டும். கராஜில் கோட்டேஷன் எடுத்தேன்: கொயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்) 4.2 இலட்சம், பெரிய பிரேக் கிட் 5.6, ஸ்டேஜ் 2 டியூனும் (எஞ்சின் வலுவைக் கூட்டுகிற மாற்றம்) சைலன்சர் லைனும் 3.9, செமி ஸ்லிக் (டிராக்குக்கான) டயர் நாலும் 2.6, பக்கெட் சீட் (ரேஸ் கார் இருக்கை) 1.7. மொத்தம் 18 இலட்சம். வைப்பை எடுத்துப் போடவா, கிறெடிட் கார்ட்டில் 24 மாத வட்டியில்லாத் தவணையில் போடவா? விற்கும்போது பாதியாவது திரும்பி வரும்தானே?

பதில்: தம்பி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்றக் கணக்கெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. வராது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், அதற்குப் பிறகு ஐந்து வருடம் வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்குக் காரை விற்று விற்று, கார் என்றால் முதலீடு என்று எங்கள் ஆட்களுக்கு ஊறிப்போய்விட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். வரி கடுமைதான், ஆனாலும் உங்கள் கார் இனி வருடா வருடம் பழசாகிற ஒரு சாமான், அவ்வளவுதான். அதோடு இங்கே பழைய கார் வாங்க வருகிறவர் கம்பனியில் வந்த மாதிரியே இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். கொயில்ஓவரையும் பக்கெட் சீட்டையும் கண்டால் “அடிச்சு ஓடின வண்டி போல” என்று சொல்லி விலையைக் குறைத்துத்தான் கேட்பார். ஆகவே இந்தக் காசு போனது போனதுதான். சந்தோஷத்துக்குச் செலவழிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டு செய்தால் அதில் ஒரு பிழையும் இல்லை, 29 வயதில் செய்யாமல் எப்போது செய்வது. ஆனால் செலவை முதலீடு என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டு செய்தால் 18 இலட்சம் 25 ஆக இழுபடும், நீங்களும் கவனிக்க மாட்டீர்கள்.

இப்போது கோட்டேஷனை ஒரு பக்கம் வைத்துவிட்டு லீசிங் பத்திரத்தை எடுங்கள். நீங்கள் அதைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு உங்கள் கடிதத்தில் கண்ணில் குத்தியது அதுதான். 2023 தொடக்கத்தில் நாட்டில் வட்டி இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியும், மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற வீதமே அந்த மார்ச்சில் 16.5 வீதத்துக்குப் போனது. பிறகு படிப்படியாக இறங்கி 2025 மே மாதம் கொள்கை வட்டி 7.75 வீதத்துக்கு வந்தது. வைப்புக்காரருக்கு வட்டி குறைந்தது, உங்கள் லீசிங் மட்டும் அப்படியே 24 இல் நிற்கிறது. 12 இலட்ச வைப்பு வருடத்துக்கு 96,000 தரும், அதில் வங்கியே பிடித்துக்கொள்கிற 10 வீத நிறுத்திவைத்தல் வரி போனால் மாதத்துக்கு 7,200 ரூபா, உங்கள் சம்பளத்தோடு சேர்த்துப் பார்த்தால் அதன் மேல் இன்னும் வரி கட்ட வேண்டி வரும். அதே 12 இலட்சத்துக்கு லீசிங் கம்பனி உங்களிடம் மாதம் 24,000 வட்டி எடுக்கிறது. அதாவது ஒரு கையால் 7,200 வாங்கி மறு கையால் 24,000 கொடுக்கிறீர்கள், மாதாமாதம்.

22 தவணையையும் கட்டி முடித்தால் 18 இலட்சத்து 48 ஆயிரம். 24 வீதம் உண்மையான வட்டி என்றால், அதில் இன்று மிச்சமிருக்கும் முதல் ஏறத்தாழ 14.8 இலட்சம், மீதி மூன்றரை இலட்சத்துக்கு மேல் இனி வரப்போகிற வட்டி. வைப்பும் போனஸும் சேர்ந்தால் 17 இலட்சம். லீசிங்கை இப்போதே முடித்தால் கையில் இரண்டு இலட்சத்துக்குச் சற்றுக் கூட மிஞ்சும், மாதம் 84,000 விடுபடும். முடிக்கிற கூலி என்று ஏதாவது பிடிப்பார்கள், வராத வட்டியில் எவ்வளவு தள்ளுபடி என்பதும் கம்பனிக்குக் கம்பனி வேறு, அதனால் வாயால் சொல்லும் கணக்கை நம்பாமல் குறித்த திகதியிட்ட செட்டில்மென்ட் தொகையை எழுத்தில் கேளுங்கள். தள்ளுபடி ஒன்றுமே இல்லை, 18 இலட்சத்து 48 ஆயிரத்தையும் கட்டு என்றால் முடிப்பதில் இலாபமில்லை, அப்போது வேறு கதை. வழக்கமாக அப்படி இருக்காது.

கையில் இரண்டு இலட்சம் போதுமா என்று கேட்பீர்கள். தனியே வாடகைக்கு இருப்பவர் என்றால் போதாது என்றுதான் சொல்லியிருப்பேன். நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள், கடன் முடிந்த பிறகு மூன்று மாதம் அந்த 84,000 ஐ அப்படியே சேமிப்புக் கணக்கில் போட்டால் நாலரை இலட்சத்தைத் தாண்டும். அது அவசரக் காசு, அதைத் தொடக்கூடாது. நாலாம் மாதத்திலிருந்து வருகிற 84,000 காருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

கடனை முடிக்கச் சொல்வதற்கு வட்டி மட்டும் காரணமில்லை. வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் இருப்பது லீசிங் கம்பனியின் பெயர், உங்கள் பெயர் இல்லை. அவர்களைக் கேட்காமல் சஸ்பென்ஷனையும் எஞ்சின் மப்பையும் (எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற மென்பொருள்) மாற்றுவது ஒப்பந்தத்தில் எங்கே இடிக்கும் என்று அந்தப் பொடி எழுத்தைப் படித்தால் தெரியும். இதை விடப் பெரியது காப்புறுதி. இங்கே நாங்கள் ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்கிற பத்திரத்தில் விதிவிலக்குகள் என்று ஒரு பக்கம் இருக்கும், பந்தயம், வேகப் பரீட்சை இதற்கெல்லாம் நட்டஈடு இல்லை என்று அதில் எழுதியிருப்பார்கள். “அது ரேஸ் இல்லை, டிராக் டே, போட்டியில்லாமல் ஓடிப் பார்க்கிற நாள்” என்று உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். நண்பர்கள் கிளெய்ம் கொடுக்கிறவர்கள் இல்லை. மாற்றங்களைக் கம்பனிக்கு அறிவிக்காமல் விட்டால் வெள்ளவத்தைக் காலி வீதியில் நடக்கிற சாதாரண விபத்துக்கே கேள்வி வரலாம், டிராக்கில் நடப்பதற்கு என்னத்தைச் சொல்ல. முன்னுக்கு ஓடுகிறவரின் காரில் மோதினாலும், வேலியை உடைத்தாலும், காசு உங்கள் கையிலிருந்துதான். 2024 ஏப்ரல் 21 தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் புகுந்து ஏழு பேர் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கார் உங்களுடையதாகவே இருந்து மதிலில் அடித்தால் ஒரு கார் போனது. லீசிங்கில் இருக்கும்போது அடித்தால் காரும் இல்லை, அதற்குப் பிறகும் மாதம் 84,000.

சரி, இனிக் கோட்டேஷன். நான் மெக்கானிக் இல்லை, ஆனால் எந்தச் சாமான் காசுக்குப் பயன் தரும் என்று பார்ப்பது என் வேலைதான், இந்தப் பட்டியல் விலை கூடிய பக்கத்திலிருந்து எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் கார் 970 கிலோ, கம்பனியிலிருந்தே 140 குதிரைவலு. டிராக்கில் முதலில் கையை விரிப்பது எஞ்சின் இல்லை, பிரேக் எண்ணெய். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், கடற்கரையோரம் நிற்கிற வெள்ளவத்தைக் காருக்கு ஈரத்துக்கா பஞ்சம். புதிய டொட் 4 தரப் பிரேக் எண்ணெய் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். நாலாவது ஐந்தாவது சுற்றில், நீள்பாதை முடிகிற இடத்தில் பிரேக்கை மிதித்தால் பெடல் மெத்தென்று கீழே போகும், கார் நிற்காது. இதற்கு மருந்து சில ஆயிரம் ரூபா எண்ணெய், அதோடு கொஞ்சம் சூடு தாங்குகிற பிரேக் பேட். 5.6 இலட்சக் கிட் வருடத்தில் மூன்று நாளுக்குத் தேவையில்லை, அது உங்கள் 17 அங்குல வீலுக்குள் அடங்குமா என்பதையும் கராஜ்காரர் எழுதவில்லை. முழுக்க டிராக்குக்கென்றே செய்த பேட் மட்டும் போடாதீர்கள், காலையில் குளிராக இருக்கும்போது சரியாகப் பிடிக்காது, டூப்ளிகேஷன் வீதியில் ஒவ்வொரு சிக்னலிலும் கத்தும்.

டயருக்கு நான் காசு கொடுப்பேன், ஆனால் செமி ஸ்லிக்குக்கு இல்லை. அது சீக்கிரம் தேயும், மழைத் தண்ணீர் நிற்கிற ரோட்டில் பிடிமானம் குறைவு, கொழும்பில் வருடத்தில் பாதி நாள் மழை. இரண்டாவது வீல் செட் எடுத்து டிராக்குக்கு மட்டும் போடலாம் என்றால் ஃபிளாட்டில் அந்த நாலு வீலையும் எங்கே வைப்பீர்கள், அம்மாவிடம் கேட்டீர்களா? நல்ல தரமான ரோட் டயர், வீல் எலைன்மென்ட், பேட், எண்ணெய், எல்லாம் சேர்ந்து மூன்று இலட்சத்துக்குள் அடங்கும் என்று நினைக்கிறேன். கடனை முன்கூட்டி முடித்து மிச்சப்படுத்துகிற வட்டியே அந்த அளவு வருகிறது, கவனித்தீர்களா.

கொயில்ஓவரை ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். இரண்டு டிராக் நாள் ஓடின பிறகு கார் எங்கே சரிகிறது, எங்கே இழுக்கிறது என்று உங்களுக்கே பிடிபடும், அப்போது தெரிந்து வாங்குவீர்கள். வாங்கினால் பழைய சஸ்பென்ஷனை விற்காமல் எண்ணெய் பூசிக் கட்டி வையுங்கள், நாளைக்குக் காரை விற்கும்போது அதை மாட்டிக் காரை ஒரு விலைக்கும் கொயில்ஓவரைத் தனியே இன்னொரு விலைக்கும் விற்கலாம். திரும்பி வருகிற காசு என்று ஒன்று இருந்தால் அந்த வழியில்தான்.

ஸ்டேஜ் 2 வேண்டாம். அதற்காகப் புகையைச் சுத்தப்படுத்துகிற கட்டலிடிக்கைக் கழற்றினால் புகைப் பரிசோதனையில் மாட்டலாம், அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் இல்லை, சத்தமான சைலன்சரை இப்போது போலீசும் சும்மா விடுவதில்லை. கிளச்சும் கூடிய இழுவைக்குச் சீக்கிரம் போகும், அந்தச் செலவு கோட்டேஷனில் இல்லை. பக்கெட் சீட்டும் வேண்டாம், பழைய இருக்கைக்குள் பக்க ஏர்பேக் இருந்தால் அதோடு சேர்ந்து போய்விடும், தினமும் வேலைக்குப் போகிற காரில் அதை ஏன் கழற்ற வேண்டும். அந்தக் காசில் ஒரு நல்ல ஹெல்மெட் வாங்குங்கள்.

கிறெடிட் கார்ட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வட்டியில்லாத் தவணை என்பது உண்மைதான், ஆனால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையிலும் சரி, கராஜிலும் சரி, கார்டுக்கு ஒரு விலை, காசுக்கு ஒரு விலை. அந்த வித்தியாசம்தான் வட்டி. ஒரு தவணை தவறினால் வருடம் 20 வீதத்துக்கு மேல் ஓடத் தொடங்கும். இரண்டு மூன்று வருடத்தில் வீட்டுக் கடன் கேட்டுப் போவீர்கள் என்றால் கிரிப் என்கிற கடன் தகவல் பணியக அறிக்கையில் இந்த நிலுவையும் நிற்கும். வீட்டில் கல்யாணம் பேசத் தொடங்கினால் நிலைமை எல்லாம் தலைகீழ், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிராக் பைத்தியம் உண்மையாகவே பிடித்துவிட்டது என்றால், அதாவது வருடம் மூன்று தரம் போதாமல் மாதா மாதம் போக வேண்டும் என்று தோன்றினால், இந்தக் காருக்கு இன்னும் காசு போடாமல் எழுதுங்கள். அப்போது ஒரு பழைய ஃபோர்ட் லேசரோ நிசான் மார்ச்சோ எடுத்து அதை டிராக்குக்கென்றே வைத்துக்கொள்வது மலிவா என்று கணக்குப் பார்க்கலாம். உடைந்தாலும் அடுத்த நாள் வேலைக்குப் போகக் கார் இருக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு காரின் செலவு ஒரு காரை இரண்டு வேலைக்கும் இழுக்கிற செலவை விடக் குறைவாகவும் வரலாம். எங்கே நிறுத்துவது என்பதுதான் பிரச்சினை.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வைப்பு அடுத்த மாதம் முதிர்கிறது என்றீர்கள். தானாகப் புதுப்பிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அதே நாளில் இன்னொரு வருடத்துக்குப் பூட்டிவிடுவார்கள், பிறகு இடையில் எடுத்தால் வட்டியில் வெட்டு விழும். முதிர்வுக்கு முன் வங்கிக் கிளைக்குப் போய், புதுப்பிக்க வேண்டாம், காசைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். லீசிங் கம்பனியிடம் கேட்கிற செட்டில்மென்ட் திகதியையும் அதற்கு அடுத்த ஓரிரு நாளுக்கே போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இடையில் இன்னொரு தவணை விழும்.