செசமி ஸ்ட்ரீட் மாதிரி ஒரு பொம்மை நிகழ்ச்சியை நம் ஊர்க் குழந்தைகளுக்கு ஏற்ற மாதிரி எப்படி மாற்றுவது? தமிழில் டப்பிங் செய்தால் போதாதா?

போதாது. சேலத்தில் பல வருடமாகச் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். ஏற்காட்டு மலைக்கிராம அங்கன்வாடிகளுக்கும் கைப்பொம்மைகளோடு போய்க் கதை சொல்வதுண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்த நிகழ்ச்சியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பொம்மைகளை அல்ல, அதை உருவாக்கிய முறையை.

1969 நவம்பரில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் அது தொடங்கியது. ஜோன் கான்ஸ் கூனி, லாயிட் மோரிசெட் இருவரும் தொடங்கி வைத்த முயற்சி. பள்ளிக்கூடம் போகும் முன்பே பின்தங்கிவிடும் ஏழைக் குழந்தைகளுக்கு எழுத்தும் எண்ணும் வீட்டிலேயே கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஒளிபரப்புக்கு முந்தைய வருடமே ஆசிரியர்கள், உளவியலாளர்கள், எழுத்தாளர்கள் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து என்ன கற்பிப்பது என்று பேசி முடிவு செய்தார்கள். அப்புறம் எட்வர்ட் பால்மர் என்ற ஆய்வாளர் ஒரு வேலை செய்தார். டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு திரை வைத்து, அதில் சில நொடிக்கு ஒருமுறை வேறு வேறு படங்களைக் காட்டினார். குழந்தை எந்தக் காட்சியில் டிவியை விட்டுப் பக்கத்துத் திரைக்குத் திரும்புகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். திரும்ப வைத்த காட்சிகளைத் திருத்தினார்கள். நிகழ்ச்சி நடக்கும் தெருவில் மனிதர்கள் மட்டும் பேசும் காட்சிகளில் குழந்தைகள் கவனம் கலைகிறது என்று சோதனையில் தெரிந்த பிறகுதான், பிக் பேர்ட் என்ற பெரிய மஞ்சள் பறவைப் பொம்மை தெருவுக்குள் வந்தது.

நம் அங்கன்வாடியில் தனியாக ஒரு திரை வைக்கவே தேவையில்லை. பதினோரு மணிக்குக் குக்கர் விசில் அடிக்கும். பொம்மையைக் கையில் போட்டுக்கொண்டு நான் பேசும்போது விசில் வந்தால் எத்தனை தலை சமையல் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பேன். ஒரு தலையும் திரும்பவில்லை என்றால் அந்தக் காட்சியை வைத்துக்கொள்வேன். பாதிக்கு மேல் திரும்பினால் அதைத் தூக்கிவிட வேண்டியதுதான். எவ்வளவு பெரிய நிகழ்ச்சி எடுத்தாலும் இந்தச் சோதனைக்கு மாற்று கிடையாது.

மற்ற நாட்டுக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டுதான் செய்தார்கள். வங்கதேசத்தில் 2005-ல் அவர்களுடைய செசமி ஸ்ட்ரீட் 'சிசிம்பூர்' என்று வந்தது. அங்கே அமெரிக்க நிகழ்ச்சியில் வரும் நியூயார்க் தெரு இல்லை, ஆலமரம் உண்டு, டீக்கடை உண்டு. அதில் வரும் புலிப்பொம்மைக்கு ஹாலும் என்று பெயர், மீன் என்றால் அதற்கு உயிர். தென்னாப்பிரிக்காவில் 2002-ல் எச்.ஐ.வி. தொற்றோடு வாழும் ஒரு குழந்தைப் பொம்மையைக் கொண்டுவந்தார்கள், ஏனென்றால் அங்கே வீட்டுக்கு வீடு பேச வேண்டியிருந்த விஷயம் அது. நம் நாட்டில் 2006-ல் இந்தியில் 'கலி கலி சிம் சிம்' வந்தபோது, பள்ளிச் சீருடை போட்ட சம்கி என்ற சிறுமி அதன் நடுநாயகம். பெண் குழந்தை பள்ளிக்கூடம் போவதைக் குழந்தைகள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று யோசித்து வைத்தது.

சரி, சேலத்துக்கு என்றால்? இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

சேலத்துக் குழந்தை என்று ஒரே ஒரு குழந்தை கிடையாது. அம்மாபேட்டைக் குழந்தை தறிச் சத்தத்தில் தூங்கி எழுவது. செவ்வாய்ப்பேட்டைக் குழந்தை கொலுசுப் பட்டறையில் வெள்ளி மணி கோப்பதைப் பார்த்து வளர்வது. வீட்டில் தெலுங்கோ, கன்னடமோ, சௌராஷ்டிரமோ பேசிவிட்டு வகுப்பில் தமிழுக்கு மாறும் பிள்ளைகள் ஏராளம். மலைக்கு ஏறினால் காபித் தோட்டம், மிளகுக் கொடி, சேர்வராயன் கோயில் திருவிழா. மலைக்குழந்தை தறியைப் பார்த்திருக்காது, நகரத்துக் குழந்தை காபிப் பழம் சிவந்து நிற்பதைப் பார்த்திருக்காது. யாருடைய தெருவைக் காட்டுவது?

என்னைக் கேட்டால் தெருவே வேண்டாம், பஸ் போதும். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ். எல்லாச் சாதிசனமும் ஏறி இறங்கும் இடம் அது. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. ஏறும்போது ஒன்றிலிருந்து இருபது, இறங்கும்போது இருபதிலிருந்து ஒன்று. தலைகீழாக எண்ணுவதைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் நம் மாவட்டத்தில் எனக்குத் தெரியாது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஒரு பிள்ளையை டிரைவராக உட்காரவைத்து இதை விளையாடிப் பாருங்கள். வளைவு வந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள், எண்ணையும் கத்துவார்கள்.

மிருகம் எது வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும். மலை என்றதும் காட்டெருமையைப் பொம்மையாக்கலாம் என்று பலருக்குத் தோன்றும். நான் வேண்டாம் என்பேன். ஏற்காட்டில் காட்டெருமை நிஜமாகவே தோட்டத்துக்குள் வரும். அதைக் கண்டால் ஒதுங்கிப் போ என்று வீட்டில் சொல்லி வளர்க்கும் குழந்தையிடம், அதைக் கட்டிப்பிடிக்கும் தோழனாகக் காட்டக் கூடாது. வெள்ளாட்டுக்குட்டி போதும். மேலேயும் உண்டு, கீழேயும் உண்டு, கண்டதையெல்லாம் மேயும்.

அந்த மேய்ச்சல்தான் எழுத்துப் பாடத்துக்கு உதவுகிறது. ஆங்கிலத்தில் 26 எழுத்து, அதனால் ஒரு நாளைக்கு ஓர் எழுத்து என்று நிகழ்ச்சியை அமைக்க முடிந்தது. நமக்கு 247. அப்படி வரிசையாகப் போனால் குழந்தை கல்யாண வயதுக்கு வந்துவிடும். நம் எழுத்து சேர்ந்து உருவாவது, அதனால் சேர்ப்பதையும் பிரிப்பதையும்தான் காட்ட வேண்டும். நான் செய்வது இது: 'பால்' என்று எழுதிய அட்டையில் துணைக்காலை மட்டும் தனியாக ஒட்டியிருப்பேன். ஆட்டுக்குட்டி வந்து மோந்து பார்த்துவிட்டுத் துணைக்காலைக் கவ்வித் தின்றுவிடும். மீதி எழுத்துகளை நெருக்கி வைத்தால் 'பல்'. "டீச்சர், பால் போச்சு, பல்லு வந்துருச்சு!" என்று பிள்ளைகள் கூப்பாடு போடும். அடுத்து 'பாடம்' என்று வைத்தால், ஆடு வாயைத் திறக்கும் முன்னாலேயே யாராவது 'படம்' என்று சொல்லிவிடுவார்கள். குறில் நெடில் வித்தியாசம் காதில் ஏறிவிட்டது என்று அர்த்தம். வேற்றுமொழி வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது தயக்கமில்லாமல் வருகிறது, ஏனென்றால் பதில் சொல்வது ஆட்டுக்கு, டீச்சருக்கு இல்லை.

பொம்மை வகை பற்றியும் கேட்பீர்கள். நம் பொம்மலாட்டத்தில் கயிறுகளை ஒரு வளையத்தில் கட்டி ஆட்டுபவர் தலையில் மாட்டிக்கொள்வார், கைகளைக் கம்பியால் அசைப்பார். சில பொம்மைகள் பத்துக் கிலோ வரை இருக்கும். கதைக்கும் பாட்டுக்கும் அதன் கம்பீரம் வேறெதிலும் வராது. ஆனால் வாய் அசையாது. எழுத்தொலி கற்கும் குழந்தை வாயைத்தான் உற்றுப் பார்க்கிறது. செசமி ஸ்ட்ரீட்டுக்காக ஜிம் ஹென்சன் என்ற பொம்மைக் கலைஞர் பஞ்சும் துணியும் வைத்துச் செய்த பொம்மைகளின் பலமே அந்த வாய்தான். அதனால் பாடத்துக்கு வாய் திறக்கும் துணிப்பொம்மை, கதைக்கு மரப்பொம்மை என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஆட்டக்காரர்களுக்கும் வேலை கிடைக்கும்.

இன்னொன்றை விடவே கூடாது. 1970-ல் மிசிசிப்பி மாநிலக் கல்வித் தொலைக்காட்சிக் குழு, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தெருவில் கலந்து வாழ்வதாகக் காட்டியதாலேயே செசமி ஸ்ட்ரீட்டை நிறுத்தி வைத்தது. கண்டனம் கிளம்பியதும் முடிவை மாற்றிக்கொண்டது. நம் பஸ்ஸிலும் யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள், யார் பாட்டிலில் யார் தண்ணீர் குடிக்கிறார்கள், யாருடைய பேச்சைக் கேட்டுச் சிரிப்பு வருகிறது என்பதைக் குழந்தை கவனிக்கும். மலைக்கிராமத்துப் பிள்ளையின் பேச்சைக் கேலிக்குரலாக வைத்தால் மற்ற எல்லாப் பாடமும் வீண். எஸ்டேட் தொழிலாளி வீட்டுப் பெண்ணே பஸ்ஸில் கணக்குச் சொல்பவளாக இருக்கட்டும்.

தொடங்கப் பெரிய ஸ்டுடியோ வேண்டாம். வேட்டியைக் குறுக்கே கட்டி அதற்குப் பின்னால் உட்காருங்கள், அங்கன்வாடி டீச்சரிடமும் ஆயாவிடமும் பிள்ளைகளுக்கு எது வரவில்லை என்று முதலில் கேளுங்கள், அப்புறம் போனில் பொம்மையை எடுக்காமல் குழந்தைகளின் முகத்தை வீடியோ எடுங்கள். எதை வெட்டுவது என்று அந்த வீடியோவே காட்டிவிடும். செசமி ஸ்ட்ரீட் பொம்மைகளை மட்டும் அப்படியே நகல் எடுக்காதீர்கள், அவற்றுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊர் ஆட்டுக்குட்டியைப் பழைய காலுறையிலேயே செய்துவிடலாம். வாய்க்குள் சிவப்புத் துணி தைத்தால் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் தெரியும்.