அமெரிக்கச் சிற்றூரின் இனவாரி சதவீதங்களைக் கூட்டினால் 100-ஐத் தாண்டுவது ஏன்?

கணக்குப் பிழை இல்லை. அமெரிக்கக் கணக்கெடுப்புப் படிவத்தில் 'ஹிஸ்பானிக்' (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவர்) ஓர் இனமே அல்ல, தனிக் கேள்வி. வெள்ளையர் 82, கறுப்பர் 6, ஆசியர் 2, பிற இனம் 4, பல இனம் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு 100 முடிந்தது. அடுத்து வரும் 'ஹிஸ்பானிக் 11' இதே ஆட்களை வேறு கோணத்தில் மறுபடி எண்ணியது. 'ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர்' என்ற வரியுள்ள அட்டவணையை எடுத்தால் இந்தக் குழப்பமே வராது.

2010-ஐயும், 2020-ஐயும் ஒப்பிடுகிறீர்களா? கவனம். 2020-ல் வெள்ளையர், கறுப்பர் கட்டங்களுக்குக் கீழும் பூர்வீகத்தை எழுத இடம் கொடுத்தார்கள். பதில்களைக் குறியிடும் முறையும் மாறியது. 'பல இனம்' திடீரென்று எகிறியதற்குப் புதிதாகக் குடிவந்தவர்கள்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

ஊர் எல்லைக்குள் சிறைச்சாலை இருந்தால் கைதிகளும் அவ்வூர் மக்களாகவே எண்ணப்படுவார்கள். ஆயிரம் பேர் ஊரில் இது விகிதத்தையே புரட்டிப்போடும்.

இன்னொன்று: மக்கள்தொகை 65,000-க்குக் குறைந்த ஊர்களுக்கு 'அமெரிக்கச் சமூக ஆய்வு' (ஒரு பகுதி மக்களிடம் மட்டும் கேட்டு எடுக்கும் மாதிரிக் கணக்கு) பெரும்பாலும் தருவது ஐந்தாண்டுத் தொகுப்பு மதிப்பீடு. 'ஆசியர் 14 பேர், பிழை வரம்பு ±18' என்றிருந்தால் அந்த எண்ணை நம்பி எதுவும் எழுதாதீர்கள்.