ஆஸ்பத்திரி வாசலிலேயே வரும் வாந்தி

வணக்கம் சார். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். நான்கு கீமோ முடிந்துவிட்டது. இப்போது ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றதுமே வாந்தி எடுக்கிறார். ராத்திரி தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார் டாக்டர். "அவளுக்கு என்ன பைத்தியமா?" என்கிறார் அப்பா. மனசு தளர்ந்தால் நோய் கூடிவிடும், தைரியமாக இரு என்று நாங்களும் தினம் சொல்கிறோம். வேறென்ன செய்வது?

பெயர் வேண்டாம், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வாந்தி நடிப்பும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. போன சுற்றுகளில் மருந்தோடு சேர்ந்து வந்த ஸ்பிரிட் வாசனை, அந்த வார்டு, அந்த வாசல் எல்லாம் உடம்புக்குப் பழகிவிட்டன. மருந்து ஏறும் முன்பே குமட்டுகிறது. கீமோ எடுக்கும் பலருக்கும் இது வரும். வழக்கமான வாந்தி மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது. உடம்பைத் தளர்த்தும் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, மனதை வேறிடத்தில் நிறுத்தும் பயிற்சி ஆகியவை கேட்கும். ஆலோசகர் சொல்லித்தருவது இவற்றைத்தான். அப்பாவிடம் "வாந்திக்கு வைத்தியம்" என்றே சொல்லிக் கூட்டிப்போங்கள். பொய்யும் இல்லை.

எரிச்சலுக்கு வருவோம். கீமோவோடு டெக்ஸாமெதாசோன் தருகிறார்களா என்று கேளுங்கள். தூக்கத்தைக் கெடுத்துச் சிடுசிடுக்க வைக்கிற ஸ்டீராய்டு அது. காலையில் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

"தைரியமாக இரு" மட்டும் வேண்டாம். மனசு தளர்ந்தால் கட்டி வளரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. குழுவாகக் கூடி மனம்விட்டுப் பேசிய மார்பகப் புற்றுநோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று 1989இல் டேவிட் ஸ்பீகல் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் எழுதினார். கனடாவில் 235 பெண்களை வைத்து அதையே சோதித்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். ஆயுள் கூடவில்லை. ஆனால் மன வேதனையும் வலியும் குறைந்திருந்தன. என்னைக் கேட்டால் அதுவே போதும். மனசுதான் நோயைத் தீர்க்கும் என்று நம்புகிற வீட்டில், அடுத்த ஸ்கேன் மோசமாக வந்தால் பழி யார் தலையில் விழும்? அம்மா தலையில்தானே. அப்புறம் அவர் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழ வேண்டியிருக்கும்.

ஆலோசகர் அறையில் பெரிதாக ஒன்றும் நடக்காது. சில இடங்களில் தெர்மாமீட்டர் படம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, போன ஒரு வாரத்தில் வேதனை எவ்வளவு என்று 0 முதல் 10 வரை குறிக்கச் சொல்வார்கள். 4ஐத் தொட்டால் மேற்கொண்டு விசாரிப்பார்கள். பக்கத்திலேயே ஒரு பட்டியல் இருக்கும்: பணம், போக்குவரத்து, பிள்ளைகள், தூக்கம். அம்மா எதில் டிக் அடிக்கிறார் என்று பாருங்கள், நீங்கள் நினைத்தது அதுவாக இல்லாமலும் போகலாம்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அவ்வளவு தூரம் முடியாதென்றால், தொலைபேசியிலேயே மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் சேவையின் எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அப்பாவும் கூடப் போய் உட்காரட்டும். அவர் போடுகிற சத்தத்தில் பாதி பயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. துணைக்கு வருகிறவர்களிடமும் ஆலோசகர்கள் பேசுவார்கள்.