வாள் வாங்குமுன் பிடியைக் கழற்றச் சொல்லுங்கள்

கேள்வி: நாடகத்துக்கென்று என் மகன் கொழும்புக் கடையொன்றில் 18,500 ரூபாய்க்கு ஜப்பானிய வாள் வாங்கி வந்திருக்கிறான். உதறினால் பிடிக்கு மேலேயுள்ள வட்டத் தகடு கலகலவென்று ஆடுகிறது. வாள் நுழையும் பிளவுக்கு இருபுறமும் இரண்டு ஓட்டைகள் வேறு. 'எல்லா வாளும் இப்படித்தான்' என்கிறார் கடைக்காரர். உண்மையா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஓட்டைகள் குறையல்ல. உறையின் பக்கவாட்டில் செருகும் சிறு கத்தியும், தலைமுடி ஒதுக்கும் ஊசியும் தகட்டில் இடிக்காமல் வெளியே வர விட்ட வழி அவை. ஆட்டம் மட்டும் குறைதான்.

அலகிலிருந்து பிடியை நோக்கி வாருங்கள். அலகின் அடியைக் கவ்விக்கொண்டு ஓர் உலோகக் கவசம் இருக்கும், அது ஹபாகி. உறையின் வாயில் இறுகி நிற்பது அதுதான். உறையைக் கவிழ்த்தாலும் வாள் நழுவாமலும், அலகு உறையின் உட்புறத்தில் உரசாமலும் காப்பது அது. அடுத்தது நீங்கள் சொல்லும் தகடு, ட்சுபா. எதிராளியின் வாளைத் தடுக்கவே அது என்று பலர் நினைக்கிறார்கள். குத்தும்போது சொந்தக் கை வழுக்கி அலகின்மேல் ஏறாமல் தடுப்பதுதான் அதன் முதல் வேலை. அதற்கு மேலும் கீழும் செப்பா என்னும் மெல்லிய நீள்வட்டத் தகடுகள், வாஷர் போல. பிடியின் வாயில் ஃபுச்சி. உலக்கை பிளக்காமல் இருக்கப் பூண் போடுகிறோமே, அதே காரியம். பிடியின் மறுமுனையை மூடும் தொப்பி கஷிரா. கயிற்றுச் சுற்றுக்கு அடியில் தட்டுப்படும் சிறு உலோக உருவங்கள் மெனுகி.

இத்தனையையும் பிடித்து நிறுத்துவது மெகுகி என்னும் ஒரு சிறிய மூங்கில் முளை. பிடியின் பக்கவாட்டில் ஊடுருவி, உள்ளே இறங்கியிருக்கும் அலகின் வால் பகுதியிலுள்ள துளை வழியே அது மறுபுறம் வருகிறது.

இப்போது வாளை உறையிலேயே வைத்து, பிடியை மட்டும் அசைத்துப் பாருங்கள். பிடி அசையாமல் தகடு மட்டும் ஆடினால் செப்பா மெலிந்தது அல்லது போடப்படவேயில்லை. பித்தளை வேலை செய்பவர் ஒருவர் அளவெடுத்து வெட்டித் தருவார். காகிதம் மடித்துச் செருகாதீர்கள். பிடியே ஆடினால் நிலைமை வேறு. மகனிடமிருந்து வாளை உடனே வாங்கி வையுங்கள். மலிவான அலங்கார வாள்கள் பலவற்றில் முளை வெறும் வேஷம். அலகின் அடியில் பென்சில் பருமனில் ஒரு கம்பியைப் பற்றவைத்து, நுனியில் மரை பூட்டியிருப்பார்கள். ஓங்கி வீசும்போது பற்றுவைப்பு விட்டால் அலகு எதிரே நிற்பவரை நோக்கிப் பறக்கும். சோதிக்கிறேன் என்று வாழை மரத்தைக்கூட வெட்ட விடாதீர்கள். மேடைக்கு மர வாளே போதும்.

கடைக்காரரிடம் திரும்பப் போங்கள். முளையைத் தட்டிப் பிடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முடியாது, ஒட்டியிருக்கிறது என்றால் அது சுவரில் மாட்டும் பொருள். அப்படிச் சொல்லியே விற்றிருக்க வேண்டும். பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் பற்றுச்சீட்டின் பிரதியோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும். வழி கேட்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது.

கேள்வி: கண்டி இராச்சிய காலத்துக் கஸ்தானே வாள் என்று ஒருவர் விற்க வந்திருக்கிறார். பிடியில் சிங்கத் தலை. கனடாவிலுள்ள அண்ணனுக்கு அனுப்பலாமா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தேசியக் கொடியின் சிங்கம் ஏந்தியிருப்பதும் கஸ்தானேதான். பிடியின் முனையில் சிங்கமோ மகரமோ வாய் பிளந்திருக்கும். அங்கிருந்து விரல்களை மூடியபடி ஒரு வளைவு இறங்கும். குறுக்குக் கம்பிகளின் நுனிகளிலும் சிறு மிருகத் தலைகள் இருக்கும். கோயில் மகர தோரணத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேலைப்பாட்டின் தரம் எளிதில் பிடிபடும். பழைய பிடியில் ஒவ்வொரு பல்லும் செதுக்கப்பட்டிருக்கும். அச்சில் வார்த்த புதியதில் எல்லாம் மழுங்கியிருக்கும். அலகில் ஒல்லாந்தக் கம்பெனியின் முத்திரை இருந்தால் அதை வைத்தே போலி என்று ஒதுக்காதீர்கள். ஐரோப்பிய அலகுக்கு இங்கே பிடி பூட்டுவது வழக்கமாக இருந்தது. பணம் கொடுக்குமுன் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு ஒருமுறை போய் அசல்களைப் பார்த்துவிடுங்கள்.

அனுப்பும் விடயத்துக்கு வருவோம். 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தொல்பொருளாகவே கருதுகிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள் அது. ஆகவே விற்பவர் சொல்வது உண்மையானால், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் இல்லாமல் அந்த வாள் நாட்டைவிட்டுப் போக முடியாது. பொய்யானால், பழமைக்கென்று நீங்கள் கொடுக்கும் விலை வீண். 'புதிதாகச் செய்யப்பட்டது' என்று பற்றுச்சீட்டில் எழுதித் தருவாரா என்று கேளுங்கள். அவர் முகமே பதில் சொல்லிவிடும். பிடியில் யானைத் தந்தமோ காண்டாமிருகக் கொம்போ இருந்தால் கையே வைக்காதீர்கள்.

கேள்வி: வாளின் பிடிப் பாகங்களைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?
- வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: கழற்றி எடுத்த புதுப் பித்தளை என்றால் தேய்க்கலாம், உடனே கழுவி நன்றாக உலர்த்துங்கள். பழைய இரும்புத் தகட்டில் வேண்டவே வேண்டாம். அதன் கருமை கலந்த பழுப்பு நிறம் அழுக்கல்ல. நூறு வருடத்தில் படிந்த அந்த மேற்பூச்சுக்காகத்தான் சேகரிப்பவர்கள் விலை கொடுக்கிறார்கள். புளி அதை ஒரே நாளில் கரைத்துவிடும். கடற்காற்று வீசும் வீடுகளில் மாதம் ஒருமுறை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை ஒரு துளி தடவினால் போதும்.