சென்னையிலிருந்து கடலூருக்குக் குடிபோகலாமா?

கேள்வி: அம்பத்தூரில் சொந்த ஃபிளாட்டில் இருக்கிறோம். என் கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை; மாதம் நாலு நாள் அலுவலகம் போனால் போதும். மகள் எட்டாம் வகுப்பு. மாமியாருக்கு ஆஸ்துமா. சென்னையை விட்டுவிட்டுக் கடலூரில் அமைதியாக இருக்கலாம் என்று நினைக்கிறோம். தேவனாம்பட்டினம் பக்கம், கடற்கரைக்கு நடந்தே போகிற தூரத்தில் ஒரு மனை விலைக்கு வருகிறது. ஃபிளாட்டை விற்று அதை வாங்கி வீடு கட்டலாமா?

பதில்: குடிவாருங்கள், சகோதரி. ஆனால் ஃபிளாட்டை இப்போது விற்க வேண்டாம். மனைக்கு முன்பணமும் கொடுக்க வேண்டாம். முதலில் கடலூரில் ஒரு வாடகை வீடு பிடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை ஒரு முறை இங்கேயே இருந்து பாருங்கள். தை பிறந்த பிறகு மனை பேசலாம்.

நான் இந்த ஊரில் கட்டட வேலை பார்க்கிற பொறியாளன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் தை, மாசியில்தான் வந்து இடம் பார்க்கிறார்கள். அப்போது வெயில் இதமாக இருக்கும், சில்வர் பீச்சில் காற்று சுகமாக வீசும், மழை ஊறிய கிணற்றுத் தண்ணீர்கூட இனிக்கும். எந்தத் தெருவும் தன் குறையைக் காட்டாத மாதங்கள் அவை.

கடலோர ஊர் என்றதும் சுனாமிதான் நினைவுக்கு வரும். 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினம் பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் கடலூரை அடிக்கடி பதம் பார்ப்பது முதுகுப் பக்கமிருந்து வருகிற தண்ணீர். வடக்கே தென்பெண்ணை, ஊருக்கு நடுவே கெடிலம், தெற்கே பரவனாறும் உப்பனாறும் என்று இத்தனையும் இங்கேதான் கடலில் சேர்கின்றன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதற்குப் பிறகுதான் மேலே திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்தார்கள். தென்பெண்ணைக் கரையோரத்துத் தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தாழங்குடா, உச்சிமேடு, நாணமேடு, கண்டக்காடு பக்கம் உள்ளவர்களைக் கேட்டால் அந்த இரண்டு நாள் கதையைச் சொல்வார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் கொட்டிய மழை இங்கே வாசலில் வந்து நிற்கும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் முகத்துவாரம் ஆற்று வெள்ளத்தை லேசில் வாங்காது; வடியவும் நாளாகும்.

அதனால் வீட்டைப் பார்க்கும் முன் தெருவைப் பாருங்கள். மின் மீட்டர் பெட்டிகளில் தொடங்குங்கள். பழைய வீடுகள் சிலவற்றில் பெட்டியைப் பெயர்த்து நெஞ்சளவுக்கு மேல் ஏற்றிப் பொருத்தியிருப்பார்கள். கீழே அது முன்பு இருந்த இடம் சிமென்ட் பூசிய சதுரமாகத் தெரியும். வெள்ளம் பார்க்காத தெருவில் யாரும் இப்படிச் செலவு செய்வதில்லை. வீட்டுக்காரரிடம் “மழையில தண்ணி நிக்குமா?” என்று கேட்டால் “நிக்காது” என்றுதான் பதில் வரும். தெருமுனை டீக்கடையில், துணி தேய்க்கிறவரிடம், “2015ல எதுவரைக்கும் வந்துச்சு? ஃபெஞ்சலப்ப?” என்று ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள். முழங்காலா இடுப்பா என்று கையால் தொட்டே காட்டிவிடுவார்கள்.

அடுத்தது குடிதண்ணீர். கடலுக்குப் பக்கத்து போர்வெல்களில் கோடையில் உப்பு ஏறும். இந்தியத் தர அளவுப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லை என்றால் 2,000 வரை போகலாம். கார்த்திகையில் எடுத்த சாம்பிளைக் காட்டுகிறவரை நம்பாதீர்கள். ஆனி வாக்கில் எடுத்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் உப்புக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காற்றோடு வருகிற உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக உள்ளே இறங்கிக் கம்பியைத் துருவேற்றும். துருவேறிய கம்பி பருத்து, மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டை வெளியே தள்ளும். வாடகை வீடு பார்க்கும்போது சன்ஷேடின் அடிப்பக்கம், மாடிப்படியின் அடிப்பக்கம், பாத்ரூம் சீலிங் மூன்றையும் அண்ணாந்து பாருங்கள். கம்பி ஓடுகிற போக்கிலேயே நேர்க்கோடாக விரிசலும் பழுப்புக் கறையும் இருந்தால் உள்ளே வேலை தொடங்கிவிட்டது. கம்பு ஒன்றால் தட்டுங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் அந்தத் துண்டு எப்போது வேண்டுமானாலும் விழும். வீடு முழுக்கப் பழைய பெயின்ட், இந்த இடங்களில் மட்டும் புதுப் பூச்சு என்றால் இன்னும் கவனமாக இருங்கள்.

நாளைக்கு நீங்களே கட்டும்போது, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456-இன்படி கடலோரக் காற்று படுகிற கான்கிரீட்டுக்கு எம்30 தரமும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடலும் வேண்டும். சென்னையில் உள்ளடங்கிய பகுதியில் கட்டிய மேஸ்திரி அதே பழக்கத்தில் 25 வைத்துவிடுவார்; கான்கிரீட் போடுவதற்கு முன் நீங்களே டேப் வைத்து அளந்துவிடுங்கள். உப்பு போர்வெல் தண்ணீரில் கலவை போடவே விடக்கூடாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. லாரித் தண்ணீர் வாங்குகிற செலவு, பத்து வருடம் கழித்து சீலிங்கை உடைத்துப் பூசுகிற செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை.

உங்கள் மாமியாரை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. பழைய நகரத்துக்குத் தெற்கே, சிதம்பரம் சாலையில் சிப்காட் ரசாயன ஆலைகள் இருக்கின்றன. குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து மக்கள் பல வருடங்களாகவே நெடியைப் பற்றிப் புகார் சொல்லி வருகிறார்கள். ஆஸ்துமா உள்ளவரை அந்தப் பக்கம் குடிவைக்க வேண்டாம். மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், திருப்பாதிரிப்புலியூர் சுற்றில் தேடுங்கள். ஆற்றை ஒட்டிய தெருக்களைத் தவிருங்கள். கேப்பர் மலை மேடான செம்மண் பூமி, எனக்குப் பிடித்த இடம். ஆனால் தென்கிழக்குக் காற்றில் நெடி அங்கே எட்டுகிறதா என்று இராத்திரியும் விடியற்காலையும் போய் நின்று பாருங்கள். மார்கழியில் சுவர் ஓதம் அடித்துப் பூஞ்சை பிடிக்கிற வீடும் அவருக்கு ஆகாது.

இங்கே அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குப் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர். ஒரு மணி நேரம் கணக்கு வையுங்கள். சனி, ஞாயிறில் முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் நெரிசலில் அது போதாது.

மகள் விஷயத்தில் காலம் உங்களை நெருக்குகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு இந்த மே மாதமே மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் பத்தாம் வகுப்பு முடியும்வரை பொறுங்கள். சிபிஎஸ்இ என்றால் ஒன்பதிலேயே பொதுத்தேர்வுக்குப் பதிவு செய்துவிடுகிறார்கள்; நடுவில் பள்ளி மாற்றுவது பெரிய அலைச்சல்.

மே மாதம் வந்தால் வெயிலுக்குத் தயாராக வாருங்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் கடற்காற்று நுழையவே சாயங்காலம் ஆகிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, மீன் விலையும் ஏறியிருக்கும்.

உங்கள் கணவருக்கு இரண்டு வெவ்வேறு நிறுவனத்தின் இணைய இணைப்பும் நல்ல இன்வெர்ட்டரும் கட்டாயம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. அப்படி ஒன்று வந்தால் சென்னைக்குக் கிளம்பிப் போய்த்தான் வேலை பார்க்க வேண்டியிருக்கும். ஃபிளாட்டை வைத்திருங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக அந்த மனை. கடல் ஏறும்போது தண்ணீர் எட்டுகிற உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை, கட்டடத்துக்குக் கட்டுப்பாடு உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலம். நகரப் பகுதியாக இருந்தால், ஏற்கெனவே உள்ள சாலைக்கு நிலத்துப் பக்கம் அனுமதியோடு கட்டலாம். சாலைக்குக் கடல் பக்கம் புதிதாகக் கட்ட விடமாட்டார்கள். “சுத்தி எல்லாரும் கட்டியிருக்காங்களே” என்பார் தரகர். அவர்கள் எந்த வருடம், எந்த அனுமதியில் கட்டினார்கள் என்பது உங்கள் கட்டட அனுமதிக்கு உதவாது. பட்டா, 30 வருட வில்லங்கச் சான்றிதழ், அளவை வரைபடம், மனைப்பிரிவு ஒப்புதல், கடலோர மண்டல வரைபடத்தில் அந்த சர்வே எண் எங்கே விழுகிறது என்ற விவரம் ஆகிய ஐந்தையும் விற்கிறவரிடமே கேளுங்கள். தேவனாம்பட்டினம் மீனவர்கள் தலைமுறையாக வாழ்கிற ஊர். வலை உலர்த்துகிற, படகு ஏற்றுகிற பொது இடத்தில் ஒரு துண்டை யாராவது தனி மனையாக விற்கப் பார்த்தால் நாளைக்கு வழக்கு உங்கள் மேல்தான் வரும். ஊர்ப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஐந்து காகிதமும் கைக்கு வந்த பிறகு, கார்த்திகையில் ஒரு நாள் அடைமழைக்கு மறுநாள் காலை அந்த மனைக்குப் போய், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, தை பிறந்ததும் விலை பேசுங்கள்.